வெள்ளச்சியும் கள்ளனும்

பூவில் பூச்சி கிடந்தது என்று ஒருவர் மாலையைத் தூக்கிக்கொண்டு பூக்கடைத் தெருவுக்கு வந்தால், அது சண்டைக்குத்தான். நாகர்கோவில் கோட்டாற்றில் நான் கடை போட்டிருந்த காலத்தில் ஒருநாள் காலை அப்படித்தான் ஒருவர் வந்தார். மெலிந்த ஆள். கழுத்து மூடிய கோட்டு, மூக்கில் வழுக்கி இறங்கும் கண்ணாடி. கையில் ஒரு பீங்கான் தட்டு. தட்டில் முந்தின நாள் கட்டின பிச்சி மாலை வாடிச் சுருண்டு கிடந்தது. தெருத் தலைப்பிலிருந்தே கடை கடையாக, "இது யாரு கொண்டுவந்த பூவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் கைவிரித்தார்கள். வம்பை யார் வலியப் போய் வாங்குவார்கள்?

நான் வாங்குவேன். அன்றைக்கும் அப்படி, இன்றைக்கும் அப்படி. கூப்பிட்டு, மாலையிலிருந்து ஒரு மொட்டைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன்.

"தோவாளைப் பூவு. செம்மண் தோட்டம், கிணத்துத் தண்ணி. எனக்க பூவாக்கும். என்ன குறை, சொல்லும்" என்றேன்.

அவர் குறை சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மெதுவாகத் திறந்தார். உள்ளே ஒரு எட்டுக்காலி. நெல்மணி நீளம் உடம்பு, பிச்சி மொட்டு நிறம், முதுகில் மெல்லிய இரண்டு சிவப்புக் கோடு. செத்திருந்தது.

"நேத்து காலேஜ் விழாவில எனக்குப் போட்ட மாலையில இருந்துது. இதுபோல இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்.

எதிர்க்கடை மாலைகட்டி, வாயில் வாழைநாரைக் கவ்விக்கொண்டே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் பூவைத் தேடி ஒரு காலேஜ் வாத்தியார் வந்திருக்கிறார் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. தோவாளையிலிருந்து கோட்டாறு வரை தலைச்சுமையாகப் பூக்கூடை சுமந்து ஆரம்பித்தவன் நான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழ் எழுத்துக் கூட்டுவேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் ஈரச் சாக்குக்கும் வாழை இலைக்கும் நடுவில் பிச்சியைப் பொதிந்து, பஸ்ஸின் கூரையில் ஏற்றினால், திருவனந்தபுரம் போய் இறங்கும்போதும் மொட்டு விரியாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தவன் நான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள். கண்ணைக் கட்டிவிட்டுப் பூவைக் கையில் கொடுத்தால் எந்தத் தோட்டம் என்று சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு எட்டுக்காலி பெரிய காரியமா?

மறுநாளே கூடைகளை உதறி நான்கு பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று அவர் வீட்டு முன்னறையில் பூதக்கண்ணாடியில் அதைக் காட்டினார். அதோடு என் நிம்மதி போயிற்று.

சாதாரண எட்டுக்காலி வலை கட்டி வாய்பார்த்துக் காத்திருக்கும். இது அப்படி இல்லை. நூல் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரையைப் பார்த்து, பதுங்கி, பாய்ந்து பிடிக்கிற சாதி. முகத்தில் நான்கு கண். நடுவில் இரண்டு, பஸ்ஸின் முன்விளக்கு மாதிரி. தலைக்குமேல் இன்னும் நான்கு. அந்த முன்விளக்கு இரண்டும் என்னையே பார்த்தன. நான் தலையைச் சாய்த்தால் அதுவும் திரும்பிற்று. உயிரோடு இருந்த பூச்சிதான், குப்பிக்குள். எனக்கு முதுகு சிலிர்த்தது. எத்தனை வருஷம் இவற்றைத் தலையில் சுமந்து நடந்திருக்கிறேன்!

"இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"அதுதான் தெரியல்ல ஓய். ஆறு வருஷமா இந்தச் சாதியெல்லாம் சேத்துப் பிரிச்சு வைக்கேன். இது ஒண்ணு மட்டும் எந்த வீட்டிலயும் அடங்க மாட்டேங்குது."

வீடு என்று அவர் சொன்னது, நம் ஊரில் ஆளின் பேருக்கு முன்னால் வீட்டுப்பேர் சொல்கிறோமே, அதுபோல. பூச்சிகளுக்கும் வீட்டுப்பேர் உண்டு, பிறகுதான் சொந்தப்பேர். வீட்டைக் கண்டுபிடிக்க அவர் ஊசியால் செத்த பூச்சியின் தாடையை விரிப்பார். தாடையின் உட்புறத்தில் பல் இருக்கும். ஒற்றைப் பல் என்றால் ஒரு கூட்டம். ஒரே பல் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தால் வேறு கூட்டம். வரிசையாகப் பல பல் என்றால் இன்னொன்று. அதற்குப் பிறகு முன்காலின் அடியில் எத்தனை முள், கண் வரிசை எவ்வளவு அகலம் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வருவார். எங்கள் வெள்ளைப் பூச்சிக்குப் பிளந்த பல். அதுவரைக்கும் சரி. அதற்குமேல் இரண்டு வீடுகளின் அடையாளமும் அதில் கலந்து கிடந்தது.

நான் பூ தரம் பிரிக்கிறவன். எனக்கு இது ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. பிச்சியையும் முல்லையையும் நிறம் பார்த்தா பிரிக்கிறோம்? காம்பு பார்த்துத்தானே. வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்து, "எனக்க மாணாக்கன்மாருக்கு இது புரிய ஒரு வருஷம் பிடிக்கும்" என்றார். அந்த வார்த்தையை இன்றைக்கும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அப்படியே சொன்னார்.

அதிலிருந்து வாரம் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஸ்பிரிட் ஊற்றிய இரண்டு குப்பி. பிடித்ததும் குப்பியில் போட வேண்டும், கூடவே ஒரு சீட்டு: எந்த இடம், எந்தச் செடி, எந்த நேரம், யார் பிடித்தது. பென்சிலில் எழுத வேண்டும், மை கரைந்துவிடும். என் வீட்டுக்காரி மூன்று நாள் என் சட்டையை மோந்து மோந்து பார்த்தாள். நாலாம் நாள் கேட்டே விட்டாள். குப்பியை எடுத்துக் காட்டினேன். "குடிச்சாக்கூட ஒரு ஞாயம் உண்டு" என்று சொல்லிவிட்டுப் பூ பறிக்கப் போய்விட்டாள். தோவாளையில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தில் நான்கைந்து பெண்களோடு அவள்தான் பறிப்பு. கூடையைச் சாலைக்குக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றுவது வரை அவள் பாடு. அதற்குப் பிறகு என் பாடு.

ஒரு தடவை வாத்தியார் கேட்டார், இந்த வெள்ளைப் பூச்சி மலைப்பக்கத்திலும் உண்டா என்று. உண்டா இல்லையா என்று நான் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். பேச்சிப்பாறைக்கு மேலே ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. அட்டை கால்விரல் இடுக்கிலெல்லாம் ஏறிற்று. இரண்டு நாள் புதர் புதராக உதறியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. வருகிற வழியில் நம் கூடையிலிருந்தே ஒன்றை எடுத்துக் குப்பியில் போட்டு, சீட்டில் 'பேச்சிப்பாறை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் பூதக்கண்ணாடியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு ஊசி நுனியில் ஏதோ எடுத்து என் முன்னால் வெள்ளைத் தாளில் வைத்தார். பூச்சியின் காலில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கு. பிச்சி இதழ்.

"பேச்சிப்பாறைக் காட்டில பிச்சி வச்சது யாரு ஓய்?"

அவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே குப்பியைக் கவிழ்த்தார். "இடம் பொய்யின்னா பல்லும் பொய், முள்ளும் பொய். இந்தப் பூச்சி செத்தது வீணாப்போச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

இரண்டு வாரம் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. ஆனால் கடையில் உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் கூடையைக் கிளறுவேன். யார் பூ வாங்க வந்தாலும் அவர்கள் தோளில் ஏதாவது ஊர்கிறதா என்று பார்ப்பேன். கடைசியில் கால் தானாக அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. அவர் ஒன்றுமே நடக்காததுபோல, "வாரும், ஒமக்காகத்தான் இருக்கேன்" என்று ஒரு கடிதத்தை எடுத்தார்.

சீமையில் ஒரு மியூசியத்திலிருந்து வந்த கடிதம். எட்டுக்காலிகளைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதிக்கொண்டிருந்த துரை ஒருவர் எழுதியது. வாத்தியார் அனுப்பிய பூச்சிகளை அவர் பார்த்திருக்கிறார். நூற்றுக்குமேல் அனுப்பியதில் எல்லாமே பெண். ஆண் ஒன்றுகூட இல்லை. ஆணைப் பார்க்காமல் எந்த வீடு என்று முடிவு கட்ட முடியாது. புஸ்தகம் அச்சுக்குப் போகப்போகிறது. அதற்குள் ஆண் வந்து சேராவிட்டால் சந்தேகப் பூச்சிகளின் பட்டியலில் தள்ளிவிட வேண்டியதுதான்.

"ஆணுக்கு அப்பிடி என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

முகத்துக்கு முன்னால் குட்டிக் கை மாதிரி இரண்டு இருக்கும் என்று காட்டினார். பெண்ணுக்கு அது மெலிந்து இருக்கும். ஆணுக்கு நுனி தடித்து, உள்ளே சுருளும் கொக்கியுமாக இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் அந்தக் கொக்கி தனி. பூட்டுக்குத் தக்க சாவி. அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

"கப்பல்ல போய்ச் சேர ஒரு மாசம் பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்ன கிடைச்சா உண்டு. மழை விழுந்தா பிச்சியும் போச்சு, பூச்சியும் போச்சு" என்றார் வாத்தியார். அவர் கை கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. ஆறு வருஷம் அந்தக் கையில் இருந்தது. பிறகு, என்னைத் தூண்ட அல்ல, சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார்: "ஆணைப் பிடிச்சவரு பேரு புஸ்தகத்தில அச்சாகும். அது அங்க வழக்கம்."

என் பேரா? அச்சிலா? அதுவரை, நானே எழுதின குப்பிச் சீட்டுகளை விட்டால், என் பேர் எழுதப்பட்ட இடம் குத்தகைச் சீட்டு ஒன்றுதான். அதிலும் ஒரு எழுத்து தப்பு.

"மழைக்கு முன்ன கொண்டுவாறேன்" என்றேன். அங்கே சொன்னதோடு நின்றிருக்கலாம். நேரே பூக்கடைத் தெருவுக்குப் போய், சீமைப் புஸ்தகத்தில் என் பேர் வரப்போகிறது என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னேன். ஏன் வரும், எதற்கு வரும் என்று கேட்டவர்களுக்கு விவரமாகவும் சொன்னேன். அதுதான் தப்பு.

"அண்ணாச்சி எட்டுக்காலிக்கு மாப்பிள்ள பாக்குதாரு டோய்!" என்று மாலைகட்டி எதிர்க்கடையிலிருந்து கத்தினான். அன்றிலிருந்து தினமும் அதுதான். நான் வெளியே கிளம்பினால், "வரன் எந்தப் பக்கம் அண்ணாச்சி?" திரும்பி வந்தால், "என்ன, ஜாதகம் பொருந்தல்லியா?" பஸ் கண்டக்டர்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டான். "பொண்ணு வெளுப்பு, கைநிறையப் பூவு. மாப்பிள்ளைக்கு இதுக்குமேல என்ன வேணும்?"

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் நான் ஒரு இடத்தில் இருந்ததில்லை. பெண் வெள்ளை, ஆகவே ஆணும் வெளுப்பாக இருக்கும், கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாத்தியாரும் அப்படியிருக்கலாம் என்றார். ஆனால் வெளுப்பாகக் கிடைத்தது எல்லாம் பெண். சரி, வேறு நிறமாக இருக்குமோ என்று, பாய்கிற எட்டுக்காலி எதைக் கண்டாலும் பிடித்தேன். குலசேகரம் போய் ரப்பர் மரங்களில் பால் வடிகிற வெட்டுக்குப் பக்கத்தில் தேடினேன். பால் வெட்டுகிறவர்கள் என்னை யாரோ எஸ்டேட் ஒற்றன் என்று நினைத்து வாய் பேசவில்லை. கடற்கரைக்குப் போய் வலை உலர்த்தும் மூங்கில்களில் பிடித்தேன். அங்கே மீன்காரப் பெண் ஒருத்தி, "இத எந்தச் சந்தையில விப்பீரு?" என்று கேட்டாள். சுசீந்திரம் குளக்கரைத் தாழம்புதரில் கை கீறிற்று. ஒவ்வொரு தடவையும் குப்பியை நீட்டுவேன். வாத்தியார் தாடையைப் பிரித்துப் பார்ப்பார்.

"ஒத்தைப் பல்லு. இது வேற வீட்டுப் பிள்ளை ஓய்."

இன்னொரு நாள்: "பல்லு சரி. முள்ளு சரியில்ல. பக்கத்து வீடு."

அவர் பொறுமை எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் வாசலிலேயே நின்று பதில் வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுவேன். சாப்பாடு நின்றுகொண்டே. வியாபாரம் என்ன ஆயிற்று என்றால், வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். கூடைகள் நேரத்துக்கு வந்தன. சுத்தமான பூ, ஒரு குப்பை கிடையாது, ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. எங்கள் பூவுக்குத் தெருவில் அப்படி ஒரு பேர் இருந்தது. முகூர்த்த மாலை கட்டுகிறவர்கள் எங்கள் கூடைக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பேரும் எனக்குத்தான் சேர்ந்தது.

ஐப்பசி பிறந்து நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ. மேற்கே மலை தெரியவில்லை, மேகம் இறங்கிவிட்டது. காலை பஸ் ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்கோ நின்றுபோயிற்று என்று சேதி வந்தது. கூடை வரவில்லை. நானே தோவாளைக்குப் போனேன். தோட்டத்துக்குள் கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பறிப்பு பெண்கள் வேலை, கடை ஏறின ஆளுக்கு அங்கே என்ன? வரப்பில் நின்றே சத்தம் போட்டேன்.

"ஏட்டி, இன்னுமா பறிச்சு முடியல்ல? மழை தலைக்குமேல நிக்குது."

"ராவுல முழுக்கத் தூத்தல். ஈரம் வடியாம பறிச்சா உங்க கூடையில அழுகும். வெயில் வரட்டும்னு நின்னோம்" என்றாள் வீட்டுக்காரி, திரும்பாமல்.

மேகத்துக்கு நடுவே சட்டென்று வெயில் வந்தது. பறிக்க ஆரம்பித்தார்கள். நான் கிட்டே போய் நின்று பார்த்தேன். அவள் இடது கை கொப்பை வளைக்கும், வலது கை மொட்டைக் கிள்ளும். கிள்ளிக்கொண்டே போனவள், நடுவில் ஒரு தடவை சுட்டுவிரலால் எதையோ சுண்டி விட்டாள். கண்ணால் பார்த்துக்கூட அல்ல. சோற்றில் கல்லை ஒதுக்குகிற மாதிரி. கறுப்பாக ஒன்று வரப்பில் போய் விழுந்து, குதித்து ஓடிற்று.

"என்னது அது?"

"எது?"

"இப்பம் சுண்டினியே."

"கள்ளன்."

"எந்தக் கள்ளன்?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். பக்கத்துப் பாத்தியில் பறித்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் மனைவி, என் மதினி முறை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவரு பூ யாவாரி! கள்ளனத் தெரியாது" என்றாள்.

விஷயம் இதுதான். வெள்ளைப் பூச்சிக்குப் பறிக்கிற பெண்கள் வைத்திருந்த பேர் வெள்ளச்சி. அது பூவுக்குக் காவல், மொட்டைத் தின்கிற புழுவையும் ஈயையும் பிடிக்கும், அதைக் கொல்லக்கூடாது. வெள்ளைப் பூவுக்குள் இருந்தால் யார் கண்ணிலும் படாது, அப்படியே கூடைக்கு வந்துவிடும். கறுப்பாக வருகிறவன் கள்ளன். வெயில் ஏறினால் வருவான். வெள்ளச்சிக்கு முன்னால் முன்காலைத் தூக்கித் தூக்கி, இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடப்பான். அவள் பாய வந்தால் ஓடிவிடுவான், திரும்ப வருவான். முகூர்த்தப் பூவில் கறுப்பு கிடந்தால் கல்யாண வீட்டுக்காரர்கள் கூடையையே திருப்பிவிடுவார்கள் என்று, கள்ளனைக் கண்ட இடத்தில் சுண்டி எறிய வேண்டும் என்பது பறிப்பில் முதல் பாடம். கோட்டாற்றுக்கு வந்த எங்கள் கூடையில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த விரல்.

"அட சவமே" என்று நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "அவன் கள்ளன் இல்லட்டி. அவளுக்க மாப்பிள்ள!"

"முன்னால வந்து நின்னு ஆடுகான். மாப்பிள்ள எவனாவது ஆடுவானா?" என்றாள் மதினி.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடிக்கு அடியில் மண்டியிட்டேன். கள்ளன்கள் இருந்தார்கள். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. கையை நீட்டினால் முன்விளக்கு இரண்டையும் என் பக்கம் திருப்பிப் பார்ப்பான். விரல் நெருங்குமுன் அடுத்த கொப்பில் இருப்பான். ஒன்று என் நெற்றியிலேயே குதித்து அப்பால் போயிற்று. மண்ணில் உருண்டேன். "அண்ணாச்சி எதத் தொலைச்சாரு?" என்று பெண்கள் சிரித்தார்கள். வெயில் மங்க ஆரம்பித்தது. பெரிய துளியாக இரண்டு என் முதுகில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, உண்மையைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்காரி கூடையை இறக்கி வைத்தாள். "தள்ளுங்க. துரத்தினா வருவானா?" என்றாள். ஒரு மொட்டைக் கிள்ளி, காம்பைப் பிடித்து, கள்ளனுக்கு நேர் முன்னால் அசையாமல் நீட்டினாள். அவன் பார்த்தான். ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தான். பிறகு மொட்டின்மேல் பாய்ந்தான். அவள் மறு கையை மேலே கவிழ்த்தாள். அவ்வளவுதான். மழை வலுப்பதற்குள் மூன்று பிடித்துத் தந்தாள். என் குப்பியில் போட்டுக்கொண்டேன். பூக்கூடையை மறந்து ஓடினேன். அவள் பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. நாகர்கோவில் வரை பாதி நடை, பாதி மாட்டுவண்டி. தொப்பலாக நனைந்து வாத்தியார் வீட்டு வாசலில் ஏறினேன்.

அவர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே போனார். நான் ஈரம் சொட்டச் சொட்ட நின்றேன், உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் ஒரு பூச்சியின் தாடையை விரித்தார். பிளந்த பல். முன்காலின் முள்ளை எண்ணினார். பழைய வெள்ளச்சி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி எண்ணினார். பிறகு முகத்துக்கு முன்னால் இருந்த அந்தக் குட்டிக் கையை ஊசியால் திருப்பினார். தடித்த நுனி. உள்ளே ஒரு சுருள், ஒரு கொக்கி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆணுதான் ஓய்" என்றார்.

பென்சிலை எடுத்தார். சீட்டு வெட்டினார். இடம்? தோவாளை. செடி? பிச்சி. நேரம்? தூத்தல் விட்டு வெயில் வந்து, மறுபடி மழை விழத் தொடங்கினபோது. எல்லாம் எழுதினார். அடுத்தது என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் இந்தக் கேள்விக்காகத்தான் ஓடியிருக்கிறேன்.

"பிடிச்சது யாரு?"

நான் என்றுதான் வாய் வந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? என் தோட்டம், என் குத்தகை, என் வீட்டுக்காரி. தோட்டத்துக்குப் போனது நான். சுண்டியதைக் கண்டது நான். மாப்பிள்ளை என்று கண்டுபிடித்தது நான். இதெல்லாம் பொய்யா? ஆனால் கேள்வி பிடித்தது யார் என்பதுதான். ஜன்னலைப் பார்த்தேன். அதற்கு வெளியேதான் பேச்சிப்பாறைக் குப்பியைக் கவிழ்த்தார். இந்தச் சீட்டில் ஒரு வார்த்தை பொய் என்றால் பல்லும் பொய், முள்ளும் பொய் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் ஆறு வருஷமும் அதோடு சேர்ந்து கவிழும்.

"எனக்க வீட்டில" என்றேன்.

"வீட்டிலன்னா?"

"வீட்டுக்காரி. அவதான் கையால பிடிச்சா."

"அவங்க பேரு?"

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அவள் என் பேரைச் சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் அவள் பேரைச் சொல்லி அழைத்ததில்லை. ஏட்டி என்பேன், இஞ்ச வா என்பேன். வெளி ஆண் ஒருவர் முன்னால் மனைவி பேரைச் சொல்வது எங்கள் வழக்கத்தில் கிடையாது. வாத்தியார் பென்சிலைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் பேரைச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் காதில் விழவில்லை, மழைச் சத்தம். மறுபடி, உரக்கச் சொன்னேன்.

பூச்சி கப்பலேறிற்று. புஸ்தகம் வர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. புது வீடு ஒன்று கட்ட வேண்டியிருக்கும் என்று வாத்தியார் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தார் என்று நினைக்கிறேன். அப்படி ஆகவில்லை. கொக்கியைப் பார்த்த துரை, இது பழைய வீடு ஒன்றைச் சேர்ந்ததுதான், சிலோனில் இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு, ஆனால் ஆள் புதுசு என்று எழுதியிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு ஓடி, பழைய வீடா? வாத்தியார் சிரித்தார். "இத்தனை நாளு தெருவில நின்னுது. இப்பம் இருக்க இடம் கிடைச்சிட்டு. அது போதும் ஓய்" என்றார். பக்கத்தைத் திருப்பி, பூச்சியின் பேருக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். தோவாளை. அதற்குப் பக்கத்தில் அவள் பேர்.

இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. அந்த இடத்தை மனசில் குறித்துக்கொண்டேன்: மேலிருந்து பதினோராவது வரி. அந்தப் பேருக்கு எத்தனை எழுத்து என்று எண்ணினேன். என் பேருக்கு எத்தனை எழுத்து வந்திருக்கும் என்றும் ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்துக்கொண்டேன். பிற்பாடு என் பேரை லாரி நெற்றியில் முழ உயரத்துக்கு எழுதினேன். ஒன்றல்ல, நான்கு லாரி. கடைப் பலகையில், ஊர்ச் சத்திரத்துக் கல்லில், கோயில் மணியில்கூட என் பேர் இருக்கிறது. அந்தப் பதினோராவது வரியில் இல்லை. ஒவ்வொரு பலகையும் எழுதி முடித்து ஆள் ஏணியை விட்டு இறங்கும்போது எனக்கு அந்த வரி ஞாபகம் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

புஸ்தகத்தை ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். தொடவில்லை.

"இதா நானு?" என்றாள்.

"இதுதான்."

"எறும்பு வரிசை மாதிரி இருக்கு." கொஞ்சநேரம் பார்த்தாள். "கள்ளனுக்கு என்ன பேரு போட்டிருக்கு?"

"ரெண்டுக்கும் ஒரே பேருதான். ஒரே வீடு."

"வெள்ளச்சிக்கும் அவனுக்குமா?"

"ஆமா."

"அப்பம் இனி சுண்டப்பிடாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முகூர்த்தம். மாலைகட்டி எங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்றான். முகம் கடுகடு என்றிருந்தது.

"அண்ணாச்சி, உங்க பூவில கறுப்பு கிடக்கு. ஒண்ணில்ல, ரெண்டு. கல்யாண வீட்டுக்காரன் என்னத் தின்னுபோடுவான். இத்தனை வருஷத்தில இப்பிடி வந்தது உண்டா? பறிக்கவ கண்ணு எங்க போச்சு?"

தெரு முழுக்கப் பார்த்தது. பூவுக்குமேல் கள்ளன் நின்றுகொண்டிருந்தான், கறுப்பாக, வெள்ளைக் கோட்டோடு. முன்விளக்கை என் பக்கம் திருப்பினான். பறிப்பில் தப்பு நடந்துவிட்டது, சொல்லி வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பூவின் பேர் காப்பாற்றப்படும்.

"கூடைய வச்சிட்டுப் போ. வேற பூ தாறேன்" என்றேன்.

வேறு கடையில் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கூடைப் பூ முழுவதும் சாயங்காலம்வரை என் காலடியில் விரிந்து வாடிற்று. வீட்டுக்குப் போய் அவளிடம் இதைச் சொல்லவில்லை. மறுநாள் கூடை வந்ததும், மாலைகட்டி கையில் போகுமுன், கடைக்குள் கொண்டுபோய், ஒரு மொட்டைக் காம்போடு பிடித்து, உள்ளே இருந்த கள்ளனுக்கு முன்னால் அசையாமல் நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் பாய்கிறவரை அப்படியே நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.